மரண உதவிச் சங்கத்தைத் தொடக்கியவர்களுள் ஒருவரின் வாழ்க்கையை எழுதும் முறை

இலங்கையின் மட்டக்களப்பில், எங்கள் பக்கத்து ஊர்களில் மரண உதவிச் சங்கங்கள் பொன்விழாவையும் வைரவிழாவையும் பவளவிழாவையும் எட்டிக்கொண்டிருக்கும் காலம் இது. விழா மலர் ஒன்று வெளியிடுவதென்று பொதுக்கூட்டத்தில் தீர்மானமானதும், ‘ஆரம்பகால உறுப்பினர் ஒருவரின் வாழ்க்கை வரலாறு’ என்ற பொறுப்பு, ஊரில் எழுதத் தெரிந்தவரென்று பெயரெடுத்த ஒருவரிடம் வந்து சேரும். அவர் குடும்பத்தாரிடம் போய், பிறந்த திகதி, படித்த பாடசாலை, வகித்த பதவிகள், இறந்த திகதி ஆகிய நான்கையும் கேட்டு வாங்கி, இடையிடையே சில புகழ்மொழிகளை இட்டு நிரப்பி, அரைப் பக்கத்தில் முடித்துவிடுவார். 1999 ஆம் ஆண்டில் எங்கள் சங்கத்தின் பொன்விழா மலருக்கு நானும் அப்படித்தான் எழுதிக்கொடுத்தேன். பல ஆண்டுகள் கழித்து அதே மனிதரைப் பற்றி மீண்டும் எழுத உட்கார்ந்தபோதுதான், முன்பு எழுதியதில் அவர் எங்குமே இல்லை என்பது எனக்குத் தெரிந்தது. அந்த இரண்டாம் முயற்சியில் கற்றுக்கொண்டவற்றை, இப்பணியை ஏற்றிருக்கும் மற்றவர்களுக்கு உதவுமென்று இங்கே எழுதுகிறேன்.

ஒரு வீட்டில் சாவு விழுந்தால், அந்த நேரத்திலேயே செலவுக்குக் காசு கொடுப்பதும், கதிரை, விளக்கு, பந்தற் சாமான்களைக் கொண்டுபோய் இறக்குவதும், குழி வெட்ட ஆள் அனுப்புவதுமே இச்சங்கங்களின் வேலை. மேல்நாடுகளில் சகோதரச் சங்கங்கள் என்று தோன்றிய அமைப்புகள் பலவும் உறுப்பினரின் நோய்க்கும் சாவுக்கும் பணம் சேர்ப்பதையே முக்கிய வேலையாகக் கொண்டிருந்தன. அவற்றுக்கு மண்டபமும் சடங்குகளும் இருந்தன. நம்முடையவற்றுக்குப் பாடசாலை விறாந்தையும் ஒரு பாயும் இருந்தன. ஆகவே நம்மூர்ச் சங்கமொன்றைத் தொடக்கியவரின் வாழ்க்கையை எழுதும்போது அவர் எந்தப் பதவியில் இருந்தார் என்பதைவிட, சாவுச் செய்தி வந்த இரவில் எழுந்து என்ன செய்தார் என்பதே முதன்மையானது. கீழே சொல்லப்படுவதெல்லாம் அந்த வேலையைக் கண்டுபிடிப்பதற்கான வழிகள்தாம்.

முதலில் கூட்டறிக்கைக் கொப்பி

எவரிடமும் பேசப் போவதற்கு முன்னர், சங்கத்தின் பழைய கூட்டறிக்கைக் கொப்பியைத் தேடியெடுத்து முதற் பக்கத்திலிருந்து வாசியுங்கள். தற்போதைய செயலாளரிடம் இருப்பது அண்மைக்காலக் கொப்பியாகவே இருக்கும். பழையது பெரும்பாலும் மூன்று நான்கு செயலாளர்களுக்கு முந்தியவரின் வீட்டு அலுமாரியிலோ, பழைய துணிகளுக்கு அடியில் ஒரு தகரப் பெட்டியிலோ கிடக்கும். அதை வாசித்துவிட்டுப் போனால் பேசுபவரின் நினைவைச் சரியான இடத்தில் தொட்டு எழுப்ப முடியும். வாசிக்காமல் போனால் அவர் சொல்வதையெல்லாம் தலையாட்டிக் கேட்டு எழுதிக்கொண்டு வருவதைத் தவிர வேறு வழியில்லை.

எங்கள் சங்கத்தின் முதலாவது கொப்பி கடின அட்டை போட்ட ஒரு சீ.ஆர். கொப்பி. 2004 டிசம்பர் 26 அன்று கடல் ஏறியபோது அது அலுமாரியின் மேற்தட்டில் இருந்தபடியால் தப்பியது. கீழ்த்தட்டில் இருந்த காசேடுகள் போய்விட்டன. தப்பிய கொப்பியிலும் ஒவ்வொரு தாளின் கீழ்ப்பகுதியிலும் அலைபோல வளைந்த மண்ணிறக் கறையொன்று ஓடுகிறது. அந்தக் கறைக்குள் விழுந்த வரிகளில் மை கரைந்து நீல நிழலாக மட்டுமே நிற்கிறது. கறைபடாதிருந்த 1999 ஆம் ஆண்டில் நான் அதைத் திறந்துகூடப் பார்க்கவில்லை என்பது இன்றைக்கும் எனக்கு ஆறாத வருத்தம். முதற் பக்கத்தில் பிள்ளையார் சுழி, அதன் கீழே கூடிய இடமும் நாளும், அதற்குக் கீழே இருபத்திரண்டு பெயர்கள். பதினான்கு பெயர்களுக்கு எதிரே கையொப்பம். எட்டுப் பெயர்களுக்கு எதிரே பெருவிரல் அடையாளம். நான் யாரைப் பற்றி எழுதப் புகுந்தேனோ அவருடைய பெயருக்கு எதிரே இருந்ததும் பெருவிரல் அடையாளமே. பொன்விழா மலரில் நான் அவரை ‘கற்றறிந்த பெரியார்’ என்று எழுதியிருந்தேன்.

மேலும் புரட்டிக்கொண்டு போனபோது 1956 ஆம் ஆண்டின் கூட்டமொன்றில் பெருவிரல் அடையாளம் நின்று, அதே பெயருக்கு எதிரே கையொப்பமொன்று வந்தது. எழுத்துகள் ஒன்றோடொன்று சேராமல், கோட்டுக்கு மேலேயும் கீழேயுமாக ஏறியிறங்கி, கடைசி எழுத்து பக்கத்துப் பெயரில் போய் முட்டியிருந்தது. இதன் விளக்கம் கொப்பியில் இல்லை; பின்னால் அவருடைய மகளிடம்தான் கிடைத்தது. ஆனால் அந்த இரண்டு பக்கங்களையும் முன்னரே பார்த்திராவிட்டால் அப்படியொரு கேள்வியைக் கேட்டிருக்கவே மாட்டேன்.

கொப்பியை வாசிக்கும்போது தீர்மானங்களை மட்டும் தேடாதீர்கள். யார் முன்மொழிந்தார், யார் வழிமொழிந்தார், யார் கூட்டத்துக்குத் தொடர்ந்து வராமலிருந்தார், யாருக்குச் சந்தா பாக்கி இருந்தும் உதவிப்பணம் கொடுக்கப்பட்டது, அதற்கு யார் வாதாடினார் என்பவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள். சிறு செலவுகளிலேதான் ஒரு மனிதரின் வேலை வெளிப்படும். பெற்றோமாக்ஸ் விளக்குக்கு மென்டில் வாங்கிய செலவு, கதிரைகளை ஏற்றிய மாட்டுவண்டிக் கூலி, ‘வண்டிக்காரர் கூலி வேண்டாமென்றபடியால் காசு திரும்பச் சேர்க்கப்பட்டது’ என்ற ஒரு வரி ஆகியவை எங்கள் கொப்பியில் எனக்குக் கிடைத்தவை. எல்லாப் பக்கங்களையும் கைத்தொலைபேசியில் படமெடுங்கள். காலை வெளிச்சம் பக்கவாட்டில் விழும் விறாந்தையில் வைத்து, ஃபிளாஷ் போடாமல் எடுத்தால் மங்கிய மையும் ஓரளவு தெளியும். பிறகு ஒரு கொப்பியில் நான்கு நிரல் கீறி, நாள், நடந்தது, பக்க எண், சொன்னவர் என்று எழுதி வாருங்கள். இப்பட்டியலே கடைசிவரை உங்கள் கையில் இருக்க வேண்டிய ஆயுதம்.

ஒரே பெயரில் பலர் இருப்பதை மறக்கக் கூடாது. எங்கள் கொப்பியில் மூன்று கணபதிப்பிள்ளைகளும் இரண்டு சின்னத்தம்பிகளும் இருக்கிறார்கள். தகப்பன் பெயரின் முதலெழுத்தைச் சில செயலாளர்கள் எழுதினார்கள், சிலர் விட்டுவிட்டார்கள். சந்தாப் பதிவேட்டிலுள்ள உறுப்பினர் இலக்கத்தைப் பிடித்துக்கொண்டு போனால் ஒருவர் செய்ததை இன்னொருவர் மேல் ஏற்றிவிடாமல் தப்பலாம்.

கந்தோர்ப் பதிவுகள்

சங்கம் எப்போதாவது சட்டப்படி பதியப்பட்டிருந்தால் அதன் யாப்பும் நிர்வாகிகளின் பெயர்ப்பட்டியலும் எங்கேனும் ஒரு கோவையில் இருக்கக்கூடும். பரஸ்பர உதவிச் சங்கங்களுக்கு 1891 ஆம் ஆண்டின் 16 ஆம் இலக்கச் சங்கங்கள் கட்டளைச் சட்டமும், கூட்டுறவுச் சங்கங்களுக்கு 1911 முதல் தனிச் சட்டமும், சமூக சேவை அமைப்புகளுக்கு 1980 ஆம் ஆண்டின் 31 ஆம் இலக்கச் சட்டமும் இருந்து வந்திருக்கின்றன. உங்கள் சங்கம் எதன் கீழ் பதியப்பட்டதென்பதை முத்திரையிலோ பழைய கடிதத் தலைப்பிலோ உள்ள பதிவிலக்கத்திலிருந்து கண்டுகொள்ளலாம். பதியப்படாமலே நாற்பது ஐம்பது ஆண்டுகள் ஒழுங்காக நடந்த சங்கங்களும் உண்டு. பதிவில்லை என்பதால் அவற்றின் தொடக்கத்தைக் குறைத்து எழுதக் கூடாது.

கடிதங்களில் வரும் பதவிப் பெயர்களைப் புரிந்துகொள்ள ஒரு சிறு விளக்கம் போதும். இன்று பிரதேச செயலகம் என்பது 1992 ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு முன் உதவி அரசாங்க அதிபர் பணிமனை. அதற்கும் முந்தியது காரியாதிகாரி கந்தோர். கிராம சேவகர் 1963 இல் வந்தவர். அதற்கு முன் விதானையார். அம்பாறை மாவட்டம் 1961 இலேயே தனியாகப் பிரிக்கப்பட்டது என்பதால், கல்முனை, காரைதீவு, அக்கரைப்பற்றுப் பக்கத்துப் பழைய பத்திரங்களில் மட்டக்களப்பு மாவட்டம் என்றிருப்பது பிழையன்று. பாடசாலையின் சேர்வு இடாப்பையும் சம்பவத் திரட்டுப் புத்தகத்தையும் அதிபரின் அனுமதியோடு பாருங்கள். முதற் கூட்டங்கள் பாடசாலையில் நடந்திருந்தால், அங்கே ஒரு வரியாவது இருக்கும் வாய்ப்பு உண்டு.

நாளைச் சரிபார்த்தல்

நான் 1999 இல் விட்ட பெரிய பிழை இதிலேதான். சங்கம் ‘விரோதி வருடம் தை மாதம்’ தொடங்கியதென்று பெரியவர்கள் சொல்ல, பஞ்சாங்கத்தில் விரோதி என்பது 1949 என்று பார்த்து அப்படியே எழுதினேன். தமிழ் வருடம் சித்திரையில் பிறந்து பங்குனியில் முடிவதால், தை, மாசி, பங்குனி மூன்றும் அடுத்த ஆங்கில ஆண்டிலேயே விழும். விரோதி வருடத் தை என்பது 1950 ஜனவரி நடுவிலிருந்து பெப்ரவரி நடுவரை. என் ஒரு வரியை நம்பிச் சங்கம் பொன்விழாவை ஓராண்டு முந்திக் கொண்டாடிவிட்டது. கூட்டறிக்கைக் கொப்பியின் முதற் பக்கத்தில் ஆங்கிலத் திகதியும் எழுதப்பட்டிருந்ததைப் பிறகு பார்த்தபோது, அந்த விழாவுக்காக வெயிலில் நின்று பந்தல் போட்ட பையன்களின் முகங்கள்தாம் என் கண்ணில் வந்தன. சாதகக் குறிப்பிலிருந்தும், கல்வெட்டு என்று நாம் சொல்லும் அச்சிட்ட நினைவேட்டிலிருந்தும் நாள் எடுக்கும்போது இதை மறவாதீர்கள். அறுபது ஆண்டுக்கொருமுறை அதே பெயர் திரும்பவும் வரும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

வயது முதிர்ந்தவர்கள் ஆண்டு சொல்லமாட்டார்கள், நிகழ்ச்சியைச் சொல்வார்கள். ‘கப்பல் தாண்ட வருசம்’ என்றால் ஹேர்மிஸ் போர்க்கப்பல் மட்டக்களப்புக் கடலில் மூழ்கடிக்கப்பட்ட 1942 ஏப்ரல். ‘கல்லோயா அணை வேலை தொடங்கின காலம்’ என்றால் 1949. ‘பெரிய வெள்ளம்’ என்றால் 1957 டிசம்பர். ‘சூறாவளி’ என்றால் 1978 நவம்பர் 23 இரவு. இந்த முளைகளை முதலில் அடித்துவிட்டு, ‘அதுக்கு முந்தியா, பிந்தியா’, ‘மூத்த பிள்ளை அப்போது நடந்ததா, தவழ்ந்ததா’ என்று கேட்டுக்கொண்டு போனால் ஓராண்டு ஈராண்டு வித்தியாசத்துக்குள் வந்துவிடலாம். நாங்கள் எழுதியவர் கப்பல் தாண்டதற்கு அடுத்த வருடம் மணமுடித்தார் என்று அவர் மனைவி தம் மகளிடம் சொல்லியிருக்கிறார். அவருடைய திருமண ஆண்டை 1943 என்று நான் எழுதத் துணிந்தது அதை வைத்தே.

பிறந்த ஆண்டுக்குப் பிறப்புப் பதிவே முதற் சான்று. பிறப்புப் பதிவு இலங்கையில் 1867 இலேயே தொடங்கிவிட்டாலும், எல்லாப் பிறப்புகளும் பதியப்படவில்லை; அப்படிப் பதியப்படாதவர்கள் பலர் பின்னாளில் உத்தேச வயதுச் சான்றிதழ் எடுத்திருப்பார்கள். பழைய தேசிய அடையாள அட்டையின் இலக்கத்தில் முதல் இரண்டு எண்கள் பிறந்த ஆண்டையும், அடுத்த மூன்று எண்கள் அவ்வாண்டில் அது எத்தனையாவது நாள் என்பதையும் காட்டும். பெண்களுக்கு அந்த நாளோடு 500 கூட்டப்பட்டிருக்கும். ஆனால் அட்டை எடுத்தபோது அவர் கொடுத்த திகதியே அதில் இருக்குமென்பதால், அதுவும் இன்னொரு சாட்சி மாத்திரமே. இலக்கத்தை மலரில் அச்சிடவே கூடாது.

தாள்களும் நினைவுகளும் இருக்கும் வீடு

மட்டக்களப்பில் ஒருவரின் கடதாசிகளைத் தேடுபவர், வீடு பெண்பிள்ளைக்குப் போகும் வழக்கத்தை முதலில் நினைக்க வேண்டும். ஆண் மணமுடித்து மனைவியின் வீட்டுக்குப் போகிறான். பிள்ளைகள் தாயின் குடியை, அதாவது தாய்வழிக் குலப்பிரிவை, சேர்கிறார்கள். பெண்மக்களுக்கு வீடுவளவைச் சீதனமாகக் கொடுத்துவிட்டுத் தாய்தகப்பன் கடைசி மகளோடு இருந்துவிடுகிறார்கள். ஆகவே அவருடைய இளமைக்காலத்துப் படமோ பத்திரமோ வேண்டுமானால் சகோதரியின் வழிவந்தவர்களின் வீட்டிலும், பிற்காலத்தவை வேண்டுமானால் கடைசி மகளின் வீட்டிலும் தேடுங்கள். குடும்பத்தின் சார்பில் பேச முன்வருபவர் பெரும்பாலும் மூத்த மகனாக இருப்பார். அவரிடம் மரியாதைக்குப் போய் அனுமதி பெறுங்கள். ஆனால் செய்தி இருப்பது பெண்களிடம். விழா மலர்களில் பெண்களின் பெயர் ‘அன்னாரின் பாரியார்’ என்ற அளவோடு நின்றுவிடுவதை நான் நீண்ட காலம் குறையாக எண்ணவில்லை. இரவில் செய்தி வந்ததும் தேநீர் போட்டுக் கொடுத்து, கூட வந்தவர்களுக்குச் சோறாக்கி, சங்கத்தின் விளக்குக்கு எண்ணெய் வார்த்து வைத்தவர்கள் யாரென்று கேட்கத் தொடங்கிய பிறகே அது எவ்வளவு பெரிய குறையென்று விளங்கியது.

பேசப் போகும்போது கொப்பியின் படங்களைத் தாளில் பெரிதாக அச்சடித்துக் கொண்டுபோங்கள். முதல்நாள் ஒலிப்பதிவுக் கருவியை வெளியில் எடுக்காமல், மாமி, பெரியம்மா, ஐயா என்று முறை சொல்லிப் பேசிவிட்டு வாருங்கள். இரண்டாம் முறை, பதிவு செய்யலாமா என்று கேட்டுப் பதிவு செய்யுங்கள். ‘அவர் எப்படிப்பட்டவர்?’ என்று கேட்டால், ‘நல்ல மனுசன்’ என்பதற்கு மேல் எதுவும் வராது. ‘சாவுச் செய்தி வந்தால் முதலில் எதைக் கையில் எடுப்பார்?’ என்று கேட்டேன். ‘டோச் லைட்டும் சாவிக்கொத்தும்’ என்று உடனே விடை வந்தது. சாவிக்கொத்து எதற்கென்று கேட்டால், கதிரை அடுக்கிய அறையின் சாவி எப்போதும் அவரிடமே இருந்ததாம். அவர் எந்த ஆண்டிலும் தலைவராகவோ தனாதிகாரியாகவோ இருந்ததில்லை. முப்பது ஆண்டுகளுக்கு மேல் சாவி வைத்திருந்தவர் அவர். பதவிப் பட்டியலில் அப்படியொரு பதவி கிடையாது.

மகள், இப்போது எழுபது வயதைக் கடந்தவர், கையொப்பத்தின் கதையைச் சொன்னார். அவர் இரண்டாம் வகுப்பில் படித்த காலத்தில், பின்னேரம் வீட்டு முற்றத்து மணலைக் கையால் தடவிச் சமப்படுத்தி, தன் பெயரை எழுதிக் காட்டச் சொல்லித் தகப்பன் கேட்டிருக்கிறார். மகள் தன் பெயரை எழுதியதும், ‘இது உன்ர, என்ரைய எழுது’ என்றிருக்கிறார். பல நாட்கள் மணலில் எழுதிப் பழகியபின் கொப்பியில் எழுதினாராம். இதைச் சொல்லி முடித்ததும், நான் கொண்டுபோயிருந்த 1956 ஆம் ஆண்டுப் பக்கத்தைக் கையில் வாங்கி, அந்தக் கோணல் எழுத்துகளின்மேல் விரலை வைத்துக்கொண்டு அவர் வெகுநேரம் ஒன்றும் பேசவில்லை.

வாய்மொழியைக் கொப்பியோடு சேர்த்துப் பாருங்கள். இரண்டும் ஒன்றையொன்று தாங்கும். சூறாவளியைப் பற்றி அதே மகள் சொன்னது இது: “எங்கட ஊட்டுக் கூரை போன ராவு அது, மனே. விடிஞ்சதும் அப்பா சங்கத்துக் கதிரையத்தான் தேடிப் போனாரு. அம்மா ஏசினா. ‘இண்டைக்குத்தான் கதிரை வேணும்’ எண்டு சொல்லிப்போட்டுப் போனாரு.” 1978 டிசம்பர் கூட்ட அறிக்கையில், நாற்பது கதிரைகளுள் இருபத்தேழு மீட்கப்பட்டன என்றும், மூன்று கால் முறிந்தவை என்றும், மீட்டவர்களின் பெயர்களும் இருக்கின்றன. மகளின் நினைவு இல்லாவிட்டால் அந்த இருபத்தேழு வெறும் எண். அறிக்கை இல்லாவிட்டால் மகளின் நினைவை வெறும் பாசம் என்று சிலர் தள்ளிவிடக்கூடும்.

குடும்பத்துக்கு வெளியேயும் போங்கள். குழி வெட்டப் போனவர்கள், வண்டி ஓட்டியவரின் பிள்ளைகள், பக்கத்து ஊர்ச் சங்கத்துக்காரர் ஆகியோரைக் காணுங்கள். எங்கள் சங்கத்துக்கு வெள்ளைத்துணி கடனாகக் கொடுத்தது காத்தான்குடியில் ஒரு புடவைக்கடை. கடைக்காரரின் பேரன், நான் நானா என்று அழைக்கும் வயதினர், தம் மூத்தப்பா இரவில் கதவைத் தட்டினால் யாரென்று கேளாமலே துணியை அளக்கத் தொடங்கிவிடுவாராம் என்று சொன்னார். தட்டும் ஓசையிலேயே ஆளைத் தெரியுமாம்.

கல்வெட்டை நம்பும் அளவு

ஒருவர் இறந்த முப்பத்தோராம் நாளில் அச்சிடப்படும் கல்வெட்டு நம்மிடமுள்ள அரிய சான்றுகளுள் ஒன்று. உறவுமுறைகள், ஊர்த்தொடர்புகள், மக்கள் மருமக்கள் பெயர்கள் அதில் ஓரளவு ஒழுங்காக இருக்கும். இறந்த திதியும் பெரும்பாலும் சரியாக இருக்கும். ஆனால் வெண்பாவும் விருத்தமும் புகழ்வதற்காகப் பாடப்படுவன. எதுகைக்காக ஒரு கோயிலும் மோனைக்காக ஒரு பதவியும் உள்ளே வந்துவிடுவதுண்டு. அவரைக் ‘கற்றறிந்த பெரியார்’ என்று நான் எழுதியதும் கல்வெட்டைப் பார்த்தே. உறவுக்குக் கல்வெட்டு, செயலுக்குக் கொப்பி என்று வைத்துக்கொண்டால் பெரும்பாலும் பிழைக்காது.

பழைய மலர்களும் நினைவேடுகளும் நூலகம் எண்ணிம நூலகத்தில் ஏராளமாக ஏற்றப்பட்டிருக்கின்றன. ஊரின் பெயரைக் கொடுத்துத் தேடிப்பாருங்கள்.

சொல்லக் கடினமானவை

நான்கு சிக்கல்கள் எப்படியும் வரும். முதலாவது, யார் சங்கத்தைத் தொடக்கியவர் என்பது. ஒவ்வொரு குடும்பமும் தம்மவரே ‘ஸ்தாபகர்’ என்று சொல்லும். முதற் பக்கத்தில் இருபத்திரண்டு பேர் இருக்கும்போது ஒருவரை மட்டும் ஸ்தாபகர் என்று எழுதுவது மற்ற இருபத்தொரு பேருக்குச் செய்யும் அநியாயம். ‘தொடக்கியவர்களுள் ஒருவர்’ என்று எழுதுங்கள். இருபத்திரண்டு பெயர்களையும் ஓரிடத்தில் அச்சிடுங்கள்.

இரண்டாவது, பணம். கணக்கு உதைத்த ஆண்டுகள் எல்லாச் சங்கங்களிலும் உண்டு. சங்கம் பிரிந்து போனதற்கும் பெரும்பாலும் அதுவே காரணம். நீங்கள் எழுதுபவர் அதில் என்ன நிலை எடுத்தார் என்பது அறிக்கையில் இருந்தால் அதை அப்படியே எழுதலாம். குற்றஞ்சாட்டப்பட்டவரின் பெயரை எழுத வேண்டிய தேவை எனக்கு ஒருபோதும் வரவில்லை. அவர் பேரப்பிள்ளைகள் அதே ஊரில் இருக்கிறார்கள்.

மூன்றாவது, குடி. கோயில் முறைமைகளில் குடிவழி பேசப்படும் ஊர்களில், ஒரே பாயில் எல்லாரும் உட்கார்ந்து சந்தா கட்டிய சங்கம் என்பது சிறிய செய்தியன்று. எங்கள் கொப்பியில் இரண்டாம் கூட்டத்திலேயே, ‘உதவிப்பணமும் சாமான்களும் எல்லா அங்கத்தவருக்கும் ஒரே அளவு’ என்ற தீர்மானம் இருக்கிறது. அதை எதிர்த்து இருவர் எழுந்து போனதும் இருக்கிறது. தீர்மானத்தை விரிவாக எழுதினேன். போனவர்களின் குடியை எழுதவில்லை.

நான்காவது, போர்க்காலம். 1990 ஜூனில் போர் மீண்டும் மூண்டபோது ஊர் இடம்பெயர்ந்ததையும், சங்கம் கூடாத மாதங்களையும், கொப்பியில் வெறுமையாகக் கிடக்கும் பக்கங்களையும் எழுதலாம், எழுதவும் வேண்டும். ஆனால் ஒரு வீட்டில் காணாமற்போன பிள்ளையைப் பற்றி எழுதுவதா என்பதைத் தாயே சொல்ல வேண்டும். ஒருமுறை சம்மதித்தவரிடம் அச்சுக்குப் போகுமுன் மீண்டும் கேளுங்கள். மனம் மாறியிருந்தால் காரணம் கேளாமல் எடுத்துவிடுங்கள்.

எழுதும்போது

பிறப்பில் தொடங்காதீர்கள். அவர் வேலை செய்த ஓர் இரவில் தொடங்குங்கள். பிறப்பும் பெற்றோரும் இரண்டாம் பகுதியில் வரலாம். ‘அன்னார் தன்னலமற்ற சேவையாளராக மிளிர்ந்து ஊர்மக்களின் உள்ளங்களில் நீங்கா இடம்பிடித்தார்’ என்ற வாக்கியத்தை எந்த மனிதரின் வாழ்க்கையிலும் தூக்கி வைக்கலாம். நான் இரண்டாம் முறை அதன் இடத்தில் எழுதியது இது: ‘மாதத்தில் முதல் ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கு வடக்குத் தெரு முடிவிலிருந்து புறப்பட்டு, வீட்டுக்கு இருபத்தைந்து சதமாகச் சந்தா சேர்ப்பார், காசில்லாத வீட்டில் இரண்டு கொத்து நெல்லை வாங்கி, விற்ற காசைத் தனாதிகாரியிடம் கொடுத்து, அந்த வீட்டின் பெயரில் பற்றுச்சீட்டு எழுதுவிப்பார்.’ இதில் புகழ்மொழி ஒன்றுமில்லை. வாசித்த ஊரார் இருவர் தங்கள் தாய் நெல் கொடுத்ததைச் சொல்லிக்கொண்டு என் வீடு தேடி வந்தார்கள்.

பெருவிரல் அடையாளத்தை எழுதுவதா என்று நான் பல நாள் யோசித்தேன். மூத்த மகன் முதலில் விரும்பவில்லை. தகப்பனைச் சிறுமைப்படுத்தியதாக ஊர் நினைக்கும் என்றார். மகளோ, ‘மணல்ல எழுதினத எழுதினா அதையும் எழுதத்தானே வேணும், மனே’ என்றார். இருவரையும் ஒன்றாக இருத்தி அந்தப் பகுதியை வாசித்துக் காட்டிய பிறகு மகனும் சம்மதித்தார். அதோடு, கையொப்பமிட்ட அந்தப் பக்கத்தின் படத்தையும் போடுமாறு அவரே கேட்டார். எழுதியதைக் கையில் கொடுத்து ‘வாசித்துப் பாருங்கள்’ என்று விட்டுவராமல், அவர்கள் வீட்டு விறாந்தையிலேயே உட்கார்ந்து உரக்க வாசியுங்கள். பிழையான பெயரையும் தவறான உறவுமுறையையும் கண்ணைவிடக் காது விரைவாகப் பிடிக்கும். வாசிப்பை நிறுத்திப் புதிதாக ஒன்றைச் சொல்பவர்களும் உண்டு.

மூலப் பொருட்களைப் பேணுதல்

கொப்பியின் கிழிந்த தாள்களை செலோடேப்பால் ஒட்டவோ லெமினேட் செய்யவோ கூடாது. ஒட்டுப்பசை சில ஆண்டுகளில் மஞ்சளாகித் தாளையும் சேர்த்துக் கெடுக்கும். உலர்ந்த பருத்தித் துணியில் சுற்றி, பிளாத்திக்குப் பைக்குள் அடைக்காமல், நிலத்திலிருந்து உயரமான தட்டில் வையுங்கள். கடலுக்கும் வாவிக்கும் நடுவே வாழும் நாம் உயரத்தை மறக்கவே கூடாது. படங்களின் பின்புறத்தில் குமிழ்முனைப் பேனாவால் அழுத்தி எழுதாமல் மென்மையான பென்சிலால் பெயர்களை இடமிருந்து வலமாகக் குறியுங்கள். எடுத்த படங்களின் பிரதிகளை ஊருக்கு வெளியே இருக்கும் ஒருவரிடமும் கொடுத்து வையுங்கள்.

இரவல் வாங்கிய ஒவ்வொரு படத்துக்கும் பத்திரத்துக்கும் வாங்கும்போதே இரு பிரதியாகப் பட்டியல் எழுதிக் கையொப்பமிட்டு, ஒன்றை வீட்டாரிடம் கொடுங்கள். திருப்பிக் கொடுக்கும்போது அதே பட்டியலில் ஒவ்வொன்றாகக் கோடிட்டு ஒப்படையுங்கள். மலர் அச்சாகி வந்ததும் முதற் பிரதியை அந்தப் பட்டியலோடு சேர்த்துக் கடைசி மகளின் வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு, விழா மேடைக்கு மற்றவற்றை எடுத்துச் செல்லுங்கள்.